ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவருக்குக் காத்தாடியா, சோலாரா? தென் மாவட்டங்களில் எந்த வேலை நிலைக்கும்?

கேள்வி: கரிசல்மேடு

கயத்தாறு, கடம்பூர் பக்கம் திரும்பின இடமெல்லாம் காத்தாடி (காற்றாலை). கமுதிப் பக்கம் போனால் சோலார். திட்டம் அறிவிக்கும்போது ஆயிரக்கணக்கில் வேலை என்கிறார்கள். கட்டி முடித்த பிறகு போய்ப் பார்த்தால் கேட்டில் செக்யூரிட்டி இரண்டு பேர், உள்ளே புல் வெட்டுகிறவர்கள் நாலு பேர். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்த பையன்கள் சிலர் இந்தத் துறையில் போகலாமா என்று கேட்கிறார்கள். பொதுவாகச் சொல்லாமல் விவரமாகச் சொல்லுங்கள்:

காத்தாடி, பெரிய சோலார் பிளாண்ட், வீட்டு மாடி சோலார், பேனல் ஃபேக்டரி, இந்த நாலில் எது நாலைந்து வருஷத்துக்குத் தாங்கும்? என்ன சான்றிதழ் தேவை? எதற்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டக்கூடாது? வேலைக்குப் போகும் முன் கையில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: காத்தாடிக்காரன்

காத்தாடி பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் நட்டிருக்கும் காத்தாடிகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியாயிற்று. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சோதனைக்கு வைத்ததில் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் என்று காற்று பாயும் வாயெல்லாம் நிறைந்துவிட்டது. ஆகவே நம் பக்கம் புது மெஷின் நிறுத்தும் வேலையைவிட, நிற்கிற மெஷினை ஓட வைக்கும் வேலைதான் நிலையானது. இன்டர்வியூவில் "எரெக்‌ஷன்" என்றால் அந்த சைட் முடியும் வரைக்கும்தான். "ஓ அண்ட் எம்" (ஓட்டுவதும் பராமரிப்பதும்) என்றால் மெஷின் இருக்கும் வரைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு சேரச் சொல்லுங்கள்.

ஆள் எடுக்கும் காலம் முக்கியம். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை சீசன். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மெஷின் நின்றால் முதலாளி பறந்து வந்துவிடுவார். அதனால் வருடாந்திர சர்வீஸ் முழுவதையும் ஏப்ரலுக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். ஆள் தேவைப்படுவதும் அந்த மாதங்களில்தான். நவம்பர் தொடங்கி பயோடேட்டா கொடுத்தால் பழகுவதற்கு நேரம் கிடைக்கும். ஜூனில் போய் நின்றால் பழக்கித் தர யாருக்கும் பொழுதிருக்காது.

வேலை என்ன என்று தெரியாமல் "டவர் ஏறுவது" என்று மட்டும் நினைத்து வருகிறார்கள். 2 மெகாவாட் வகை மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். டவர் துண்டுகளை இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட், பிளேடு போல்ட் எல்லாவற்றுக்கும் டார்க், அதாவது இறுக்கம், பார்க்க வேண்டும். பொதுவாகப் பத்தில் ஒன்றைச் சோதிப்பார்கள். அதில் ஒன்று திரும்பினால் அந்த வரிசை முழுக்க ஹைட்ராலிக் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கிய போல்ட்டுக்கு நட்டிலிருந்து ஃபிளாஞ்ச் வரை பெயின்ட் கோடு. அடுத்த முறை கோடு விலகியிருந்தால் கண்ணாலேயே தெரியும். கியர்பாக்ஸில் சில நூறு லிட்டர் ஆயில் இருக்கும். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவது, ஃபில்டர் மாற்றுவது, மேக்னட்டில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் டெக்னீஷியன் கணக்கில்தான்.

சீசனில் மெஷின் நிற்பதற்கு அடிக்கடி காரணமாவது இரண்டு. ஒன்று, ஸ்லிப் ரிங் (சுழலும் தண்டில் கரண்ட் கடத்தும் வளையம்) உள்ள ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ். தேய்ந்த பொடி படிந்து ரிங்குக்கு ரிங் தீப்பொறி தாவிவிடும். பிரஷ் மாற்றினால் போதாது. பொடியை வேக்குவம் போட்டு எடுத்து, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். இன்னொன்று, பிளேடுகள் சேரும் ஹப்புக்குள் இருக்கும் பிட்ச் பேட்டரி. கிரிட் போனால் பிளேடைக் காற்றுக்கு விலக்கித் திருப்புவது அந்தப் பேட்டரிதான். வெயிலில் வெந்து வெந்து அதன் ஆயுள் குறைந்துவிடும். வோல்டேஜ் மட்டும் பார்த்து "நல்லாயிருக்கு" என்று எழுதிவிட்டு இறங்கினால், காற்று நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அடிக்கும் நாளில் லைன் டிரிப் ஆகி பிளேடு பாதியில் நிற்கும். லோடு கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

250 கிலோவாட் பழைய மெஷின்கள் வேறு ரகம். அதில் பிளேடை முழுதாகத் திருப்பும் பிட்ச் கிடையாது, பிளேடு நுனி மட்டும் திரும்பி பிரேக் பிடிக்கும். ஹைட்ராலிக் சீல் கசிவு, சாஃப்ட் ஸ்டார்ட்டர் தைரிஸ்டர், கெபாசிட்டர் பேங்க் இவைதான் தலைவலி. கெபாசிட்டர் செத்ததைக் கவனிக்காமல் விட்டால் மெஷின் கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் லைனில் போய்வரும் பவர்) இழுக்கும். உற்பத்தியில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கான கட்டணம் இரட்டிப்பு. கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு கெபாசிட்டர் ஸ்டெப்பிலும் மூன்று ஃபேஸ் கரண்ட் எடுத்துப் பார்க்கத் தெரிந்த பையனை முதலாளி விடமாட்டார். காற்றின் வேகம் அளக்கும் அனிமோமீட்டரின் பேரிங் இறுகினாலும் நஷ்டம்தான்: காற்று இருக்கும், ஆனால் காற்று இல்லை என்று நினைத்து கன்ட்ரோலர் மெஷினை ஓட்டாது.

சான்றிதழ்: ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. உயரத்தில் வேலை, முதலுதவி, சுமை கையாளுதல், தீ பாதுகாப்பு, கடலில் உயிர்காத்தல் என்று ஐந்து பாகம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தரையில் நிற்கும் மெஷினுக்கு முதல் நாலு போதும். இதைச் சொந்தப் பணத்தில் முடித்துவிட்டு வேலை தேடாதீர்கள். நல்ல கம்பெனி சேர்த்துக்கொண்டு தன் செலவில் அனுப்பும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றுசக்தி நிறுவனத்தின் வாயுமித்ரா பயிற்சியும் உண்டு. அறிவிப்பு வரும்போது பார்த்து விண்ணப்பிக்கலாம்.

உயரம் ஒத்துக்கொள்ளுமா என்பதை முதல் வாரத்திலேயே சோதித்துவிட வேண்டும். லிஃப்ட் இல்லாத 80 மீட்டர் டவரில் ஏணி ஏறி, மேலே போய் மூச்சு வாங்காமல் வேலை பார்க்க வேண்டும். பிபி, தலைசுற்றல் இருந்தால் மறைக்க வேண்டாம். தனியாக ஏறச் சொல்லும் சைட்டில் ஒருநாள்கூட இருக்கக் கூடாது. ஹார்னஸில் மயங்கித் தொங்குகிறவரைச் சில நிமிடங்களில் இறக்காவிட்டால் கால் பக்கம் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. அதற்கு மேலே இரண்டாவது ஆளும் ரெஸ்க்யூ கிட்டும் வேண்டும். "ரெஸ்க்யூ கிட் எந்த வண்டியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் அங்கே கிட் இல்லை என்று அர்த்தம்.

பதில்: மொட்டைமாடி

அண்ணாச்சி காத்தாடியை முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால் எண்ணிக்கை என்று பார்த்தால் வேலை மாடியில்தான் இருக்கிறது. சிஇஇடபிள்யூ, என்ஆர்டிசி என்ற இரண்டு சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்புகளும் 2017இல் போட்ட கணக்குப்படி ஒரு மெகாவாட்டுக்கு மாடி சோலாரில் 24.72 வேலை, தரையில் நிறுவும் சோலாரில் 3.45, காற்றாலையில் 1.27. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், ஒரு மெகாவாட் என்பது 3 கிலோவாட் வீடுகள் 333. ஒரு வீட்டுக்கு மூன்று பேர் இரண்டு நாள் என்று வைத்தாலே 2,000 ஆள்நாள் ஆகிவிடும். அதற்கு முன்னால் அளவெடுப்பு, பின்னால் ஈபி பேப்பர் வேலை தனி.

2024 பிப்ரவரியில் வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்யகர் திட்டம் வந்த பிறகு சிறு ஊர்களிலும் ஆள் தேவை. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இந்தியாவில் செய்த செல் போட்ட டிசிஆர் பேனலுக்குத்தான் இது கிடைக்கும். சீரியல் நம்பரைப் போர்ட்டலில் ஏற்றும்போது டிசிஆர் இல்லாத பேனல் ஒன்று கலந்திருந்தாலும் மானியம் நின்றுவிடும். மாடிக்கு ஏற்றும் முன்பே ஒவ்வொரு பேனலின் நம்பரையும் படமெடுத்துச் சரிபார்க்கிற பையன்தான் கான்ட்ராக்டருக்கு வேண்டியவன்.

ஐடிஐ எலக்ட்ரீஷியன் பையனுக்கு ஏசி பக்கம் எல்லாம் தெரியும். மாட்டிக்கொள்வது டிசி பக்கத்தில். 540 வாட் பேனல் ஆறு போட்டால் ஒவ்வொன்றும் திறந்த நிலையில் சுமார் 49.5 வோல்ட், சேர்த்து 297 வோல்ட். லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி நிற்காது. ஏசியில் கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் தானே அணையும். டிசிக்கு அந்த வழக்கம் கிடையாது. இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசொலேட்டர் சுவிட்சை ஆஃப் செய்து, கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கனெக்டரில் கை வைக்க வேண்டும்.

அதிகம் எரிவது பேனல் கேபிள்களைச் சேர்க்கும் எம்சி4 கனெக்டர். கட்டிங் பிளேயரில் நசுக்கி மாட்டுகிறார்கள். இழுத்துப் பார்த்தால் பிடித்திருக்கும், ஆனால் உள்ளே பாதிக் கம்பி தொடாது. 13 ஆம்பியர் நாள் முழுக்க ஓடும்போது சூடேறி உருகிவிடும். கிரிம்பிங் டூல் இல்லாமல் வேலையே தொடங்கக் கூடாது. இரண்டு கம்பெனி கனெக்டர்களை ஆண்-பெண் சேர்ப்பதும் அதே விபத்துதான். உள்ளே போவதால் பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது.

அடுத்தது மாடி. தட்டோட்டைத் துளைத்து ஆங்கர் போட்டால் அடுத்த ஐப்பசியில் வீட்டுக்காரர் ஒழுகுகிறது என்று போன் போடுவார். ஓட்டுக்கு மேலேயே கான்கிரீட் பீடம் வார்த்து அதில் காலை நிறுத்துவது நல்லது. பீடத்தின் எடை காற்றுக்குப் போதுமா என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். ஆரல்வாய்மொழியில் அடிக்கிற காற்றுக்கு மதுரைக் கணக்கு உதவாது. எர்த் மூன்று தனித்தனி: டிசி ஃபிரேமுக்கு, ஏசிக்கு, இடிதாங்கிக்கு. குழி தோண்டச் சோம்பல்பட்டு மூன்றையும் ஒரே குழியில் இறக்கினால் இடி விழும் அன்று இன்வெர்ட்டர் கார்டு போய்விடும்.

பயிற்சிக்கு சூர்யமித்ரா இருக்கிறது. தேசிய சூரியசக்தி நிறுவனம் நடத்துவது, கட்டணம் இல்லை, ஐடிஐ எலக்ட்ரீஷியன் தகுதி போதும். "சூர்யமித்ரா சர்டிபிகேட், வேலை உத்தரவாதம், 25,000 கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். சொந்தமாகத் தொழில் செய்யும் எண்ணம் இருந்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றை இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

பதில்: லேமினேட்டர்

ஃபேக்டரி பற்றி யாரும் சொல்லவில்லை. திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் செல், பேனல் ஆலை 4.3 கிகாவாட். ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறந்தது, அது மெல்லிய படல வகை. கங்கைகொண்டானில் லைனில் பெரும்பாலும் பெண்கள். சுற்று வட்டார ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து போய்வரக்கூடிய வேலை என்பதால் இதைத் தள்ளிவிட வேண்டாம்.

உற்பத்தி லைனில் ஷிஃப்ட் வேலை, கை சுத்தம், கண் கூர்மை. எலக்ட்ரீஷியனுக்குப் பொருத்தமானது மெயின்டனன்ஸ் பிரிவு. செல்களை ரிப்பனால் கோக்கும் ஸ்ட்ரிங்கர், லேமினேட்டர், கன்வேயர் இவற்றின் சென்சார், மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பிஎல்சி. பிஎல்சி படிக்கத் தெரியாவிட்டால் ஆபரேட்டராகவே இருக்க வேண்டியதுதான். பேனலுக்குக் கரண்ட் கொடுத்து ஒளிரவைத்துப் படமெடுக்கும் ஈஎல் சோதனையில் செல்லில் கரும்பட்டை தெரிந்தால் அது சோல்டரிங் வெப்பத்தினாலா, கையாண்டதில் விரிசலா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் தரப்பிரிவுக்குப் போகலாம்.

கரிசல்மேடு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். பெரிய பிளாண்டுக்குள் டெக்னீஷியன் வேலை என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா, இல்லை துடைப்பதும் புல் வெட்டுவதும்தானா? அப்புறம், பழைய காத்தாடிகளைக் கழற்றிப் பெரிய மெஷின் வைக்கப் போகிறார்களாமே, அப்போது ஆள் குறையாதா? கடலுக்குள் காத்தாடி வரும் என்கிறார்கள், அதற்கும் இப்போதே தயாராகலாமா?

பதில்: ஸ்ட்ரிங்28

முதலில் மொட்டைமாடிக்கு ஒரு திருத்தம். அந்த 24.72 என்பது நிரந்தர ஆள் இல்லை, வேலை-ஆண்டு. ஒருவர் ஒரு வருஷம் பார்க்கும் வேலை ஒன்று. மாடியில் பேனல் மாட்டி முடிந்ததும் அந்த வீட்டில் வேலை முடிந்தது, அடுத்த வீடு வேண்டும். ஆர்டர் வரும் வரைதான் அந்த எண்ணிக்கை நிற்கும்.

கட்டும்போது உள்ள ஆளும் ஓட்டும்போது உள்ள ஆளும் ஒன்றல்ல என்பதற்கு கமுதியே சாட்சி. 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல். 2016இல் அதை எட்டு மாதத்தில் முடித்தபோது 8,500 பேர் வேலை பார்த்ததாகச் செய்தி வந்தது. ஓட்டுவதற்கு அத்தனை பேர் எதற்கு? துடைப்பதுகூட அங்கே ரோபோதான். கரிசல்மேடு கேட்டில் பார்த்தது பொய்யில்லை. ஆனால் உள்ளே டெக்னீஷியன் இருக்கிறார், எண்ணிக்கைதான் குறைவு. அந்தக் குறைந்த இடத்துக்குள் நுழைய ஒரு வழி, பழுது கண்டுபிடிக்கத் தெரிந்திருப்பது.

உதாரணம். மழைக்காலத்தில் காலையில் இன்வெர்ட்டர் "இன்சுலேஷன் குறைவு" என்று காட்டி ஓடாமல் நிற்கும். பத்து மணிக்கு ஈரம் உலர்ந்ததும் தானே ஓடும். புதியவர்கள் ரீசெட் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கோ அணில் கடித்த கேபிள் ஃபிரேமைத் தொடுகிறது என்று அர்த்தம். ஈரம் இருக்கும்போதே பிடிக்க வேண்டும். ஸ்ட்ரிங்குகளை (தொடராகக் கோத்த பேனல் வரிசைகளை) ஒவ்வொன்றாக இன்வெர்ட்டரிலிருந்து பிரித்து, பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கும், மைனஸிலிருந்து எர்த்துக்கும் வோல்டேஜ் எடுங்கள். நல்ல ஸ்ட்ரிங்கில் இரண்டும் நிலைக்காமல் இறங்கிக்கொண்டே போகும். பழுதான ஸ்ட்ரிங்கில் நின்று காட்டும்.

28 பேனல் ஸ்ட்ரிங், அந்த நேரத்தில் பேனலுக்கு 45 வோல்ட், மொத்தம் 1,260 என்று வையுங்கள். பிளஸ்-எர்த் 990, மைனஸ்-எர்த் 270 காட்டினால், 270ஐ 45ஆல் வகுத்தால் 6. மைனஸ் முனையிலிருந்து ஆறாவது பேனலுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் உள்ள கேபிளைப் போய்ப் பாருங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஈரக் கசிவு லேசானது, அல்லது இரண்டு இடத்தில் பழுது. 1,500 வோல்ட் டிசிக்குத் தகுதியான மீட்டர், கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கடையில் வாங்கும் சாதா மல்டிமீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

புல் வெட்டுவதைக் கேவலமாகச் சொல்லாதீர்கள். ராமநாதபுரத்தில் சீமைக்கருவேல் ஒரு மழைக்குப் பேனல் உயரம் வந்துவிடும். கீழ் வரிசையில் நிழல் விழுந்தால் அந்த ஸ்ட்ரிங்கே படுத்துவிடும். வெட்டும் மெஷினிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி உடைவது வேறு. அதனால் பேனலுக்கு அடியில் வெட்டும் மெஷினுக்கு இரும்புப் பிளேடு இல்லாமல் நைலான் நரம்புதான் போட வேண்டும், அதுவும் பேனலுக்கு எதிர்ப்பக்கமாகத் தெறிக்கும்படி நின்று. கேபிள் டிரெஞ்ச் மூடியைத் திறக்கும் முன் குச்சியால் தட்டுங்கள், பாம்பு படுத்திருக்கும்.

சேரும்போது: பிளாண்ட் ஒருவருடையது, ஓட்டுவது இன்னொரு கம்பெனி, ஆள் கொடுப்பது மூன்றாவது ஒரு கான்ட்ராக்டர். ஒப்பந்தம் கைமாறினால் ஆளும் மாறலாம். முதல் மாதமே பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் கேட்டு வாங்கி, பிஎஃப் உண்மையில் கட்டுகிறார்களா என்று உமங் செயலியில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐ வர வேண்டும். அதைத் தாண்டினால் விபத்துக் காப்பீடு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதில்: காத்தாடிக்காரன்

கழற்றி மாற்றுவது பற்றி. பழைய காத்தாடிகளுக்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டது. மாற்றுவது, பழுதுபார்த்து மேம்படுத்துவது, ஆயுளை நீட்டிப்பது மூன்றும் அதில் உண்டு. 250 கிலோவாட் மெஷின் பன்னிரண்டு நின்ற இடத்தில் 3 மெகாவாட் மெஷின் ஒன்று போதும். அதனால் மெகாவாட்டுக்கு ஆள் கட்டாயம் குறையும். மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் மாற்றம் மடமடவென்று நடந்துவிடாது. ஒவ்வொரு சிறு மெஷினுக்கும் ஒரு முதலாளி, ஒரு துண்டு நிலம். பெரிய மெஷினுக்கு ரோட்டரே 140 மீட்டருக்கு மேல். பன்னிரண்டு பேர் சம்மதித்து, இடைவெளி சரியாகி, சப்ஸ்டேஷனும் லைனும் தாங்க வேண்டும். பிளேடு ஏற்றிய டிரெய்லர் திரும்ப ஊர் ரோட்டில் வளைவு பத்தாது. அதுவரை பலர் ஆயுளை நீட்டித்து ஓட்டத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பழைய கன்ட்ரோலர் கார்டு சர்வீஸ், கியர்பாக்ஸ் ஓவராயில், பிளேடு விரிசலுக்கு ஃபைபர் ஒட்டு வேலை தெரிந்த ஆள் வேண்டும். பழைய மெஷின் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெறுகிறார்கள். பையன்கள் புது மெஷினை மட்டும் கேட்டு நிற்காமல், இரண்டு வருஷம் பழைய மெஷின் சர்வீஸ் ஏஜென்சியில் இருந்தால் எலக்ட்ரிக்கல், ஹைட்ராலிக், மெக்கானிக்கல் மூன்றிலும் கை படும். பெரிய கம்பெனியில் ஒரே வேலையை ஒருவரிடமே விட்டுவிடுவார்கள்.

கடல் காத்தாடிக்கு மத்திய அரசு 2024 ஜூனில் உதவித்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500. ஒப்புதலுக்கும் கடலில் முதல் தூண் இறங்குவதற்கும் நடுவில் நெடுந்தூரம். கடலில் உயிர்காத்தல் சான்று இரண்டு வருஷத்தில் காலாவதியாகும். இப்போது பணம் கட்டி எடுத்தால் வேலை வரும்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது என்றால், அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிவு, ஐடிஐ தேசியச் சான்றிதழ் கையில், கிளாம்ப் மீட்டரும் மெகரும் பார்க்காமலே செட் பண்ணத் தெரியும் அளவுக்குப் பழக்கம். நேர்முகத்தில் பெரும்பாலும் மெகரைக் கையில் கொடுத்து 690 வோல்ட் ஜெனரேட்டர் வைண்டிங்கை எப்படிச் சோதிப்பாய் என்றுதான் கேட்பார்கள். சப்ளையைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, வோல்டேஜ் இல்லை என்று சோதித்து, கேபிளைக் கழற்றி, 1,000 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்து, முடிந்ததும் வைண்டிங்கை எர்த்துக்கு டிஸ்சார்ஜ் செய்வேன் என்று வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். கடைசியில் அந்த டிஸ்சார்ஜைச் சொல்ல மறப்பவர்கள்தான் அதிகம்.